சாம்பல் என்று நினைத்துத் துடைத்தவை

என் மனைவி எனக்கு விட்டுப்போனவற்றில் காகிதம் இல்லாதவை அவளுடைய செடிகள் மட்டும்தான். மற்ற எல்லாவற்றுக்கும் நாமினி படிவம் இருந்தது. அவற்றைப் பூர்த்தி செய்து, அவளிடம் கையெழுத்து வாங்கி, நகல் எடுத்துக் கோப்பில் போட்டவன் நான். செடிகள் மட்டும் எந்தப் படிவத்திலும் ஏறாமல் குவார்ட்டர்ஸின் பின்வராந்தாவிலும், ஜன்னல் விளிம்புகளிலும், துவைக்கிற கல்லைச் சுற்றியும் உட்கார்ந்திருந்தன. சதை பிடித்த இலைகள், குண்டுத் தண்டுகள், சிலவற்றில் முள். பல ஆண்டுகளாக அவள் சேர்த்தது. அத்தனை ஆண்டுகளும் கொடியில் துண்டு எடுக்க அவற்றைத் தாண்டிப் போய்வந்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே பெயர்தான் இருந்தது: கள்ளி.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவள் பேசியது குறைவு. பேசியதில் ஒன்று செடிகளைப் பற்றியது.

"செடிங்கள ஒண்ணும் பண்ணாதீங்க," என்றாள்.

"தூக்கிப் போட்டுருவேன்னு நெனைக்கிறியா? நான் பாத்துக்கிறேன்."

"பாத்துக்கவே வேணாம். சும்மா இருங்க, போதும்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "உங்களால அது முடியாது," என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து கேட்டுப் பழகிய குத்தல்களில் இதுவும் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். அது உத்தரவு என்று எனக்குப் படவில்லை. எழுத்தில் வராத உத்தரவை மதித்து எனக்குப் பழக்கமும் இல்லை.

நான் சுரங்கத்தில் வேலை பார்த்தவன்தான், ஆனால் மண்ணைத் தொட்டவன் அல்ல. பணியாளர் பிரிவு, அதிலும் ஒழுங்கு நடவடிக்கை. ஷிப்டுக்கு வராதவர், ஷிப்டில் தூங்கியவர், ஸ்டோரிலிருந்து கேபிள் எடுத்துப்போனவர் எல்லோருக்கும் குற்றப்பத்திரிகை எழுதி, விளக்கம் கேட்டு, விசாரணை நடத்தி, அறிக்கை கொடுத்தவன். சம்பந்தப்பட்டவர் என்ன சொல்கிறார் என்று கேட்காமல் முடிவு எடுக்கக் கூடாது. அவருடைய சாட்சியை மறிக்கக் கூடாது. சந்தேகம் ஆதாரம் ஆகாது. புதிதாகச் சேர்ந்த அதிகாரிகளுக்கு இவற்றை நான் வகுப்பெடுத்திருக்கிறேன். வகுப்பு நன்றாக இருக்கும் என்றுதான் சொன்னார்கள்.

குவார்ட்டர்ஸ் மனைவியின் பேரில் இருந்தது. நான் ஓய்வு பெற்றபோது அவளுக்குக் கம்பெனிப் பள்ளிக்கூடத்தில் இன்னும் சில ஆண்டுகள் பாக்கி என்பதால் அவள் பேருக்கு மாற்றி வாங்கியிருந்தோம். பணியில் இருக்கும்போதே அவள் போய்விட்டாள். அப்படிப் போனவரின் குடும்பம் எத்தனை மாதம் குவார்ட்டர்ஸில் இருக்கலாம், அதற்கு யாருக்கு எழுத வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து மகள் புனேவுக்குத் திரும்பியதும், டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்தில் நாங்கள் கட்டிப்போட்டிருந்த வீட்டுக்கு மாறுவதற்காகச் சாமான் பட்டியல் எழுத ஆரம்பித்தேன். கட்டில், பீரோ, தையல் மெஷின் என்று எழுதிக்கொண்டே வந்தவன் பின்வராந்தாவில் நின்றுவிட்டேன். எந்தப் பெயரை எழுதுவது?

எனக்குத் தெரிந்தவை நாலு. சோற்றுக்கற்றாழை. பிரண்டை. வாள் மாதிரி நிற்கிற மருள். பிறகு, பள்ளிப் பிள்ளைகள் புத்தகத்துக்குள் இலையை வைத்து வேர் வருகிறதா என்று பார்க்கும் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்'. மற்றவற்றைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வடலூர் சாலையில் ஒரு நர்சரிக்குப் போனேன்.

"எல்லாமே சக்குலண்ட் சார்," என்றார் கடைக்காரர்.

"அது வகை. பேர் என்ன?"

அவர் மறுபடியும் படத்தைப் பார்த்தார். "ஃபாரின் சக்குலண்ட்."

மகள் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். இலையைப் படம் எடுத்தால் பெயர் சொல்லுமாம். ஒரே தொட்டிக்குக் காலையில் ஒரு பெயரும், மத்தியானம் இன்னொன்றும், விளக்கு வெளிச்சத்தில் மூன்றாவதும் சொன்னது. "அப்பா, அது ஒரு யூகம்தான்," என்றாள். யூகத்தின் பேரில் நான் யாரையும் சஸ்பெண்ட் கூடச் செய்ததில்லை என்று அவளிடம் சொன்னேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது.

ஆகவே நானே இறங்கினேன். லென்ஸ், ஸ்கேல், நோட்டு. முள் ஒரு சின்னப் பஞ்சுத் திட்டிலிருந்து கொத்தாகப் புறப்பட்டால் ஒரு குடும்பம். பஞ்சு இல்லாமல், கீறினால் பால் வடிந்தால் வேறு குடும்பம், கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகக் கூடாது. கற்றாழைக் குட்டி என்று நான் நினைத்திருந்த ஒன்று, ஈர்க்குச்சி போல ஒரு தண்டை நீட்டி வெளுத்த பூ விட்டபிறகுதான் கற்றாழையே அல்ல என்று தெரிந்தது. ஜேடு என்று கடைகளில் விற்பதில் இரண்டு தனித்தனிச் செடிகள் இருக்கின்றன. தண்டு பச்சையா, செம்பழுப்பா என்று பார்த்தால் போதும். ஒவ்வொரு தொட்டிக்கும் வரிசை எண், பெயர், இடம், நிலை, குறிப்பு என்று ஐந்து கட்டம் போட்டேன். தொட்டிகளில் எண் ஒட்டினேன். துக்க வீட்டில் உட்கார்ந்து அழுவதற்குப் பதில் ஒரு மனிதன் வேறு என்ன செய்வான்?

அவற்றில் பதினொரு தொட்டிகள் ஒரே மாதிரி. தாமரைப் பூவைச் சதையில் செய்து வைத்தாற்போல் இலை அடுக்கு. நிறம் நீலமும் அல்லாத பச்சையும் அல்லாத ஒன்று. அதன்மேல் வெள்ளைச் சாம்பல் மாதிரி ஒரு படிவு. அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் இருந்தவை இவை. காலையில் காபியோடு அவள் பார்த்துக்கொண்டிருந்தது இவற்றைத்தான். ஆப் இதை கிராப்டோபெட்டலம் என்றது. நான் 'குறிப்பு' கட்டத்தில் எழுதியது இது: சாம்பல் படிந்துள்ளது, சுத்தம் செய்ய வேண்டும்.

வெளியூர்க்காரர்கள் இதற்குச் சிரிக்கலாம். இந்த டவுன்ஷிப்பில் வாழ்ந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். இங்கே காலையில் எழுந்தவுடன் ஸ்கூட்டர் சீட்டைத் துடைக்கிறோம், ஜன்னல் கம்பியைத் துடைக்கிறோம், கொடியில் துணி போடுவதற்கு முன் கொடியைத் துடைக்கிறோம். அனல்மின் நிலையப் பக்கமிருந்து காற்று திரும்பினால் மறுபடியும் துடைக்கிறோம். வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ எதன்மேலாவது ஏதாவது படிந்திருந்தால், அது என்ன என்று இங்கே யாரும் கேட்பதில்லை, துணியைத்தான் தேடுகிறோம். ஆகவே நானும் தேடினேன். பழைய பனியன் ஒன்றை நனைத்துப் பிழிந்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து, பதினொரு தொட்டியிலும் இலை இலையாகத் துடைத்தேன். சாம்பலுக்குக் கீழே நல்ல பளபளப்பான பச்சை வந்தது. இத்தனை வருடம் இவள் இதைக்கூடச் செய்யாமல் விட்டிருக்கிறாளே என்று நினைத்தேன். சத்தமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை வீட்டு வேலைக்கு வந்த அம்மா பின்வராந்தாவில் துடைப்பத்தோடு நின்றுவிட்டார். வடக்குத்துக்காரர். பதினோரு வருடமாக எங்கள் வீட்டில் பாத்திரம், துணி, பெருக்கல். என் மனைவியை டீச்சரம்மா என்றும் என்னை சார் என்றும் கூப்பிடுவார். என்னிடம் அதற்குமேல் பேச்சு இருந்ததில்லை.

"என்னா சார் பண்ணி வச்சிக்கிறீங்க?"

"சுத்தம் பண்ணேன். எவ்வளவு சாம்பல், பாத்தியா?"

"சார், அது வந்துங்க, டீச்சரம்மா அத்த வெரல்கூட படாம..."

"உங்க டீச்சரம்மா எங்கிட்டயும் எல்லாம் சொல்லிட்டுத்தான் போனாங்க. நீ கூடத்தைப் பெருக்கு."

அவர் கூடத்தைப் பெருக்கப் போனார். சாட்சி தானாக முன்வந்தது. விசாரணை அதிகாரி வாயை அடைத்து அனுப்பினார்.

அதற்குப் பிறகு செய்தவையெல்லாம் ஒழுங்கு முறைப்படிதான். பாலைவனத்துச் செடிகளுக்கு வெயில் வேண்டும் என்று படித்திருந்ததால் நிழலிலிருந்த பதினொன்றையும் காம்பவுண்டுச் சுவர்மேல் ஏற்றினேன். அது பங்குனி. தினமும் காலையில் குழாய்த் தண்ணீர் வரும் நேரத்தில், நோட்டில் டிக் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு டம்ளர். இங்கே தண்ணீருக்குப் பஞ்சம் இருந்ததில்லை. நிலக்கரிக்காகப் பூமியிலிருந்து இறைத்துக் கொட்டுகிறார்கள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. டிக் இல்லாத கட்டம் அந்த நோட்டில் கிடையாது.

இதற்கு நடுவில்தான் எண்ணிக்கைத் தகராறு. பட்டியலில் அறுபத்துமூன்று தொட்டி. ஒரு நாள் மனைவியின் போனை எடுத்துப் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். தீபாவளியன்று அவள் வராந்தாவை எடுத்த படங்கள் சில இருந்தன. பெரிதாக்கி எண்ணினேன். இரண்டு முறை எண்ணினேன். அறுபத்தெட்டு. குறைவு ஐந்து, ஐந்தும் அந்தச் சாம்பல் தாமரை.

அடுத்த நாள் அந்த அம்மா வேலை முடித்துப் புறப்படும்போது முன்கேட்டில் நிறுத்தினேன். பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மையார் பூப்பறித்துக்கொண்டிருந்தார். எதிர்ச்சாரியில் ஒருவர் கார் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் என் கண்ணில் பட்டார்கள். குரலைத் தாழ்த்தவில்லை.

"தீபாவளிக்கு அறுபத்தெட்டுத் தொட்டி இருந்துருக்கு. இப்ப அறுபத்துமூணு. அஞ்சு தொட்டி எங்கம்மா?"

"எங்க வூட்ல இருக்குதுங்க. டீச்சரம்மா குடுத்தாங்க."

"எப்ப?"

"பொங்கலுக்கு முன்ன. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னால."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. எழுத்துல ஏதாவது இருக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். "செடி குடுக்கறதுக்கு எழுத்தா?"

"எடுத்துட்டுப் போனவங்க எல்லாருமே குடுத்தாங்கன்னுதான் சொல்லுவாங்க."

இந்த வாக்கியத்தை நான் அலுவலகத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அந்த விசாரணையே செல்லாது. அந்த அம்மா கையிலிருந்த சாவியை எடுத்து கேட்டின் மேல்கம்பியில் மாட்டினார். பின்கதவுச் சாவி, பதினோரு வருடமாக அவரிடம் இருந்தது. பிறகு போய்விட்டார்.

பக்கத்து வீட்டு அம்மையார் பூக்கூடையோடு உள்ளே போனார். எங்கள் தெருவில் அந்த அம்மா வேலை பார்த்தது மொத்தம் மூன்று வீடு: எங்களுடையது, பக்கத்து வீடு, எதிர்ச்சாரிக் கார்க்காரர் வீடு. மறுவாரம் பக்கத்து வீட்டில் வேறு ஒரு பெண் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். எதிர்வீட்டிலும் நிறுத்திவிட்டதாகப் பால்காரர் சொன்னார். "திருட்டுக் கேசாமே சார்," என்று என்னிடமே சொன்னார். நான் பால் பாத்திரத்தை நீட்டினேன். இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை.

சித்திரை பிறந்தபோது செடிகள் சாக ஆரம்பித்தன. முதலில் இலைகளில் காப்பித்தூள் நிறத்தில் தழும்புகள். தழும்பு பெரிதாகி இலை காகிதமாகக் காய்ந்தது. வேறு சில தொட்டிகளில் தண்டின் அடி கறுத்து, தொட்டால் பழைய வாழைப்பழம் போல் உள்வாங்கியது. வெயில் அதிகம் என்று தண்ணீரை இரண்டு டம்ளர் ஆக்கினேன். மற்ற வகைகளிலும் பல போயின. மருளும் பிரண்டையும் நான் என்ன செய்தாலும் கண்டுகொள்ளாமல் நின்றன. பதினொரு தாமரையில் இரண்டு மிஞ்சின. அவை இரண்டும்கூடத் தாமரையாக இல்லை. நுனியில் ஒரு கொத்து, அதற்குக் கீழே மொட்டைத் தண்டு. அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தவற்றில் மீதி இவ்வளவுதான் என்று தெரிந்தபோது, என் மேல் எனக்கு வந்தது துக்கம் அல்ல. எரிச்சல். கை வைத்தது எதையும் ஒழுங்காக முடிக்காத ஒருவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும்போது வருமே, அந்த எரிச்சல்.

அந்த இரண்டில் ஒன்றை எடுத்து லென்ஸை வைத்துப் பார்த்தேன். குருத்தில், மற்ற இலைகளுக்குள் இன்னும் மூடியபடி, அரிசி அளவில் ஓர் இலை. ஊசிமுனையால் விலக்கினேன். உள்ளே அது வெள்ளையாக இருந்தது. முழுக்க அந்தப் படிவு. நான் துடைத்து ஆறு வாரத்துக்குப் பிறகு பிறந்த இலை. வெளிக்காற்றே இன்னும் படாத இலை. அங்கே சாம்பல் எப்படி விழுந்தது? கொத்தின் அடியில், துடைக்காமல் விட்டுப்போன ஓர் இலையைக் கவிழ்த்தேன். கீழ்ப்பக்கமும் வெள்ளை. சாம்பல் தரையிலிருந்து மேல்நோக்கியா விழும்?

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய இரண்டு கேள்விகள்.

அது சாம்பல் அல்ல. செடி தன் தோலிலிருந்து தானே செய்துகொள்ளும் மெழுகுப் பொடி. வெயிலைத் திருப்பி அனுப்பவும், தண்ணீர் இலையில் தங்காமல் உருண்டு ஓடவும். ஓர் இலையில் அதை ஒருமுறை துடைத்துவிட்டால் அந்த இலைக்கு அது திரும்ப வராது. ஆக நான் செய்தது: பதினொரு உயிர்களின் சட்டையை உரித்து, பங்குனி வெயிலில் சுவர்மேல் நிறுத்தி, தினமும் காலில் தண்ணீர் ஊற்றினேன். டிக் போட்டுக்கொண்டு.

இதைத்தான் ஒரு திங்கட்கிழமை ஒருவர் எனக்குச் சொல்ல வந்தார். பாதியில் நிறுத்தினேன். அவரையே பிறகு திருடி என்றேன்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு டவுன்ஷிப் ஆர்ச்சைத் தாண்டி வடக்குத்துக்குப் போனேன். அவர் வீடு தெரியாது. பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட அந்த வீட்டுக்குப் போனதில்லை. இரண்டு இடத்தில் விசாரித்து, மூன்றாவது தெருவில் ஆஸ்பெஸ்டாஸ் சார்ப்பு இறக்கிய வீட்டைக் கண்டேன். சார்ப்பு நிழலில் வரிசையாகப் பெயின்ட் டப்பாக்கள், உடைந்த பிளாஸ்டிக் குடத்தின் அடிப்பாகம், எங்கள் வீட்டு மண் தொட்டிகள் ஐந்து. எல்லாவற்றிலும் அந்தத் தாமரைகள், விளிம்புக்கு வெளியே வழிந்து தொங்கிக்கொண்டு. பொடி கலையாத, முழு வெள்ளை. அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் அவை எப்படி இருந்தன என்பதை அங்கேதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து விரல்களில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். வீட்டு வேலை போனபிறகு முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறாராம். கொட்டையின் தோல்பால் பட்டு விரல் நுனிகள் கறுத்து உரிந்திருந்தன. எழுந்திருக்கவில்லை.

"யாரு, சாரா? எண்ண வந்தீங்களா? எண்ணிக்கோங்க. அஞ்சு கொண்டாந்தேன், இப்ப பதினேழு ஆயிட்டுது. கூடிப் போனதுக்கும் கேசு உண்டா?"

உள்ளேயிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். "அத்தே, சார் நோட்டு எடுத்தாந்துக்கிறாரா பாருங்க."

"அன்னைக்கு நான் பேசினது தப்பும்மா," என்றேன்.

"எங்க பேசினது?"

"கேட்டுக்கிட்ட நின்னு."

"அங்க பேசினத இங்க வந்து தப்புன்னா எப்புடிங்க? இங்க யாரு என்னைத் திருடின்னு சொன்னா? அந்த ஆட்டுக்குட்டியா சொல்லிச்சு? கேட்டாண்ட நின்னு சொன்னீங்க. கேட்டாண்ட நின்னே சொல்லுங்க."

நான் தலையாட்டினேன். பிறகு, அது சாம்பல் அல்ல என்று இப்போதுதான் தெரிந்தது என்றேன்.

"நான் சொன்னேனே."

"சொன்னே."

"சொல்லிகினு இருக்கும்போதே கூடத்தப் பெருக்குன்னீங்க."

"ஆமா."

"எங்களுக்குப் பேரெல்லாம் தெரியாது சார். டீச்சரம்மா விபூதிச் செடின்னுவாங்க. பூசின விபூதிய யாராச்சும் ஈரத்துணி போட்டு அழிப்பாங்களா? எத்தினி மிச்சம்?"

"ரெண்டு. அதுவும் சந்தேகம்."

அவர் எண்ணெய்க் கிண்ணத்தை மூடினார். கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். கேட்டேன். "இதுல ஒரே ஒரு தொட்டி..."

"தர மாட்டேன். கோச்சிக்காதீங்க. இது டீச்சரம்மா எனக்குக் குடுத்தது." பிறகு, "ஞாயித்துக்கெழம எனக்கு வேலை இல்ல. பத்து மணிக்கு வரேன்," என்றார்.

சனிக்கிழமை உட்கார்ந்து கடிதம் ஒன்று தயாரித்தேன். குற்றச்சாட்டு ஆதாரமற்றது, முறையான விசாரணையின்றிச் சொல்லப்பட்டது, முழுமையாகத் திரும்பப் பெறப்படுகிறது. மூன்று நகல், மூன்றிலும் கையெழுத்து. ஞாயிறன்று கேட்டில் நின்ற அந்த அம்மாவிடம் நீட்டினேன். மடிப்பைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "இத வச்சி நான் என்னா சார் பண்றது? வாயால சொன்னதுதான? வாயாலயே சொல்லுங்க."

பக்கத்து வீட்டு மணியை அடித்தேன். அம்மையார் வந்தார். சொன்னேன்: இவர் எதையும் எடுக்கவில்லை, என் மனைவி கொடுத்தது, நான் விசாரிக்காமல் பேசினேன்.

"ஐயோ, நாங்க அதையெல்லாம் நம்பவேயில்ல சார்," என்றார் அவர்.

"நம்பலைன்னா ஏன் நிறுத்துனீங்க?"

"அது... கொஞ்ச நாளாவே லேட்டா வந்துட்டிருந்தாங்க." அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் சிரித்தார். "இதுக்கா சார் ஞாயித்துக்கிழமை காலைல?"

பதினோரு வருடம் மணியடித்தாற்போல் வந்த ஒருவரைப் பற்றி, அவரை வைத்துக்கொண்டே, இவ்வளவு சுலபமாக ஒரு பொய். பல்லைக் கடித்தேன். கோபப்பட எனக்கு அங்கே என்ன தகுதி இருந்தது? அந்தப் பொய்க்கு முன்மாதிரி வாக்குமூலம் கொடுத்தவனே நான்தானே.

எதிர்வீட்டில் கார்க்காரர் வாசலுக்கு வந்து நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பொறுமையாகத் தலையாட்டினார். "வேற ஆள் போட்டாச்சே சார். அவங்களை இப்ப எப்படி நிறுத்துறது?" என்றார். அதுவும் நியாயம். நாலு பேர் எதிரில் ஒரு நிமிடத்தில் எடுத்ததை, வீடு வீடாக மணியடித்தாலும் திருப்பி வைக்க முடியவில்லை. மேல்முறையீட்டில் ஜெயித்து வருகிறவரின் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதை அலுவலகத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கோப்பை மூடிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன்.

"போதுமாம்மா?" என்றேன் தெருவில்.

"சொல்லிட்டீங்க இல்ல. ரெண்டு பேரு காதுலயும் வுழுந்துது. போதும்."

"நாளையிலேருந்து நம்ம வீட்டுக்கு வா."

"வேணாம்ங்க சார்."

யோசிக்கக்கூட இல்லை. ஆனால் அவர் போகவும் இல்லை. என் வீட்டைச் சுற்றிக்கொண்டு, யாரையும் கேட்காமல், பின்வராந்தாவுக்குப் போனார். நான் பின்னால் போனேன். எண் ஒட்டிய தொட்டிகளைப் பார்த்தார். சுவர்மேல் வரிசையாக இருந்த காலி மண்ணைப் பார்த்தார்.

"கொன்னுட்டீங்களே சார்," என்றார். திட்டவில்லை. நிலவரம் சொன்னார்.

பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. செத்தவை ஒரு பக்கம், பிழைக்கிறவை ஒரு பக்கம். என் ஐந்து கட்டத்தில் 'நிலை: நன்று' என்று நான் எழுதியிருந்த இரண்டு தொட்டியைத் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்துச் செத்த பக்கம் வைத்தார். 'இறந்தது' என்று எழுதியிருந்த ஒன்றின் அடியைச் சுரண்டி, பச்சையைக் காட்டி, பிழைத்த பக்கம் வைத்தார். மிச்சமிருந்த தாமரை இரண்டையும் கடைசியில் எடுத்தார். வேரும் தண்டும் அழுகல். கட்டைவிரல் நகத்தால் குருத்துக்குக் கீழே கிள்ளி, நல்ல இலைகளைப் பக்கவாட்டில் அசைத்து அசைத்து, அடி முறியாமல் கழற்றினார். ஏழு தேறின. குருத்துகளில் ஒன்று உள்ளே கறுப்பு, எறிந்தார். இன்னொன்றையும் உற்றுப் பார்த்து எறிந்தார். ஒரு பழைய தட்டில் மணலும் உலர்ந்த மண்ணுமாகப் பரப்பி, ஏழு இலையையும் மண்ணில் புதைக்காமல் மேலேயே படுக்கவைத்தார்.

"தண்ணி எவ்வளவு?"

"வேணாம்."

"எத்தனை நாளைக்கு?"

"வேர் வர்ற வரைக்கும்."

"அது எத்தனை நாள்?"

"எனக்குத் தெரியாது சார். அதுக்குத் தெரியும். நெழல்ல வச்சிட்டு உங்க வேலையப் பாருங்க. தூக்கிப் பாக்காதீங்க. திருப்பிப் பாக்காதீங்க. கண்ணு இருக்குது இல்ல, கண்ணால பாருங்க."

வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டார். கடித நகல் மூன்றையும் கேட்டையொட்டிய திண்டின் மேல் வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

வைகாசியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். இப்போது அது வடக்குத்து வீட்டின் முன்ஜன்னலில் இருக்கிறது. ஏழில் நாலு இலைகள் சுருங்கிக் காய்ந்தன. காயட்டும் என்று விட்டேன். விடுவது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்குச் சொல்வது? ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு என் பணிக்காலத்தில் ஒரு படிவம்கூட இருந்ததில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலில் நிற்கிறேன். அவள் மேல் கோபம் வருகிறது. இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுதிவைக்காமல் போனதற்கு. உடனே, அவள் சொன்னாள் என்பது நினைவுக்கு வந்து என் மேல் வருகிறது. இப்படி ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஆனியில் ஒரு காலை, மூன்று இலைகளின் அடியில் ரோஸ் நிறத்தில் நூல் போன்ற வேர்கள் தெரிந்தன. ஒன்றின் நுனியில், துவரம்பருப்பில் பாதி அளவில், ஒரு தாமரை. வெள்ளைப் பொடியோடு.

முந்திரி வேலைக்குப் போகிற பெண்கள் எட்டு மணிக்கு எங்கள் தெரு வழியாகத்தான் போகிறார்கள். அந்த அம்மா எப்போதும் இந்தப் பக்கம் திரும்பாமல் போவார். அன்று நான் கேட்டுக்குள் நிற்பதைப் பார்த்து, மற்றவர்களை முன்னால் விட்டு, சாப்பாட்டுப் பையோடு நின்றார்.

"மொளச்சுதா?"

"மூணு."

"கை வச்சீங்களா?"

"வைக்கலம்மா."

"வச்சிருப்பீங்க," என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

நான் வைக்கவில்லை. அதை அவருக்கு நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கூப்பிட்டு மறுத்துச் சொல்ல வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, அவர் திருப்பத்தில் மறையும்வரை அங்கேயே நின்றேன்.